அனுபவம் யாரிடம் சேர்ந்திருக்கிறது? மலையகத் தலைமையும் வயதும் பற்றி ஒரு பதில்

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "2024இல் முதல் தடவையாக வாக்களித்தேன், புதுமுகத்துக்குத்தான் போட்டேன். வீட்டுப் பெரியவர்கள் 'அனுபவம் இல்லாத ஆளை அனுப்பி என்ன பிரயோசனம்' என்கிறார்கள். கூட்டாளிகளோ 'கிழவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்' என்கிறார்கள். அரசியல்வாதிக்கு வயதும் நீண்ட அனுபவமும் உதவியா, தடையா? ஒரு வயதுக்கு மேல் போட்டியிடக் கூடாது என்று சட்டம் கொண்டுவரலாமா?"

தொழிற்சங்க அலுவலகத்தில் பல வருடம் மனு எழுதியும் பேச்சுவார்த்தைக் குறிப்பு எடுத்தும் வந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வயது இதில் சின்ன விஷயம். அனுபவம் பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அனுபவம் தலைவரின் தலைக்குள்ளேயே தங்கிவிட்டதா, அவரைச் சுற்றியிருந்த அமைப்புக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். மலையகம் ஒரு மூத்த தலைவரின் அனுபவத்தால் பெரிய நன்மை கண்ட இடம். அதே அனுபவம் அடுத்தவர் கைக்கு மாறாததால் பெரிய நட்டம் கண்ட இடமும் இதுதான்.

முதலில் நன்மையைச் சொல்கிறேன். இப்போது அதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் பிறந்தவர். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் (பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் வென்று பாராளுமன்றத்துக்குள் போனபோது அவருக்கு வயது 34. தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதே வயது. இளமை, வேகம், படிப்பு, மக்கள் செல்வாக்கு எல்லாம் இருந்த அணி அது. இருந்தும் நம் மக்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தை அவர்களால் தடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் நம் மக்களின் வாக்கில் ஒருவர்கூடத் தெரிவாக முடியாத நிலை. அந்த ஆண்டு நடத்திய சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பாராளுமன்றத்துக்கு வெளியிலும் உள்ளுமாக இருந்தார். 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தபோது, பிரிக்கப்பட்ட மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவரது எதிர்ப்பும் எடுபடவில்லை. 1970 முதல் 1977 வரை மறுபடியும் வெளியே. எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்த காலம் அது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அந்த ஜூலையில் மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோருக்கு அடுத்து மூன்றாமவராகத் தொண்டமான் வென்றார். முதல் வெற்றிக்கும் அதற்கும் இடையில் 30 வருடம். வயது 63. இன்றைய பேச்சுப்படி பார்த்தால் ஓய்வு பெற வேண்டிய வயது.

நமக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானவை எல்லாம் அந்த 63க்குப் பிறகு கிடைத்தவை. 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளமும் பெற்றன. ஆண் ஒரு சம்பளம் வாங்க, பெண் அதைவிடக் குறைவாக வாங்கி வந்த வழக்கம் அப்போதுதான் முடிந்தது. 1986 ஜனவரியில் தைப்பொங்கலை ஒட்டிப் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. முற்பகலில் வேலைக்கு இறங்காமல் கோயிலில் கூடிப் பிரார்த்தனை செய்வதுதான் போராட்டம். அதை நடத்தியவர் 72 வயதான ஒரு அமைச்சர், தான் உட்கார்ந்திருந்த அதே அரசாங்கத்திடம் பிரஜாவுரிமை கேட்டு. அந்த ஆண்டே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988இல் இன்னொரு சட்டம் வந்து நடைமுறையை இலகுவாக்கியது.

இதில் வயது என்ன செய்தது? அதே மனிதர், அதே கோரிக்கை. 1952இல் தோற்றது 1986இல் ஏன் வென்றது? முதல் காரணம், அரசாங்கம் எப்போது பலவீனமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1983க்குப் பிறகு வடக்கு கிழக்கில் போர். இந்தியா உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்நியச் செலாவணிக்குத் தேயிலை வேண்டும். அந்த நேரத்தில் மலையகத்தில் கொழுந்து எடுப்பது அரை நாள் நின்றாலும் கொழும்பு பொறுக்காது. 1952இல் இப்படி ஒரு நெருக்கடி அரசாங்கத்துக்கு இருக்கவில்லை. சரியான நேரம் எது என்று கண்டுகொள்ளத் தவறான நேரங்களில் தோற்ற அனுபவம் வேண்டியிருந்தது. இரண்டாவது காரணம், வேலைநிறுத்தத்தைத் தொடங்கவும் அவரால் முடியும், நிறுத்தவும் முடியும் என்று எதிர்த்தரப்பு நம்பியது. நிறுத்த முடியாத தலைவரோடு எந்த அரசாங்கமும் ஒப்பந்தம் போடாது. அந்த நம்பிக்கை ஒரு தேர்தல் வெற்றியால் வருவதில்லை, பத்து இருபது வருடம் சொன்னதைச் செய்து காட்டி வருவது. மூன்றாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர், மாதர் சங்கத் தலைவி என்று ஒரு கட்டமைப்பு இருந்தது. 'முற்பகல் யாரும் மலைக்கு ஏறக்கூடாது' என்று சொன்னால் அது பசறையிலும் நடக்கும், பொகவந்தலாவையிலும் நடக்கும்.

பெரியவர்கள் 'அனுபவம் வேண்டும்' என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது இந்தக் காலம். அவர்கள் சொல்வதைத் தட்டிவிடாதீர்கள், தம்பி. பிரஜாவுரிமை இல்லாமல் வளர்ந்தவர்கள் அவர்கள். அது கையில் வந்த நாளின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி நட்டத்தைச் சொல்கிறேன்.

1999 ஒக்டோபர் 30ஆம் திகதி தொண்டமான் இறந்தார். வயது 86. அப்போதும் அமைச்சர். 1978 முதல் நான்கு ஜனாதிபதிகளின் கீழ், இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும், 21 வருடம் அமைச்சராக இருந்துவிட்டுப் போனார். அவருக்குப் பின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைமை 1994 முதல் எம்.பி.யாக இருந்த பேரன் ஆறுமுகன் தொண்டமானிடம் போனது. அவர் 2020 மே மாதம் 55 வயதில் திடீரென்று இறந்தபோது, பொதுத்தேர்தலுக்கு வேட்புமனு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்துக்கு 25 வயது மகன் ஜீவன் வந்தார், 1,09,155 விருப்பு வாக்குகள் (கட்சிப் பட்டியலில் உள்ள வேட்பாளருக்கு மாவட்டம் முழுக்க மக்கள் தனித்தனியாகப் போடும் வாக்குகள்) பெற்றார், 2023 ஜனவரியில் 28 வயதில் அமைச்சரவை அமைச்சரானார்.

இவர்களில் யாருடைய திறமையையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. நான் கேட்பது இதைத்தான்: 1947 முதல் 1999 வரை ஒரு அமைப்பு சேர்த்த அனுபவம் எங்கே போனது? எந்த அமைச்சில் யாரிடம் பேச வேண்டும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு நம்மைக் கட்டுகிறது, பேச்சுவார்த்தையில் எங்கே விட்டுக்கொடுத்தோம், ஏன் விட்டுக்கொடுத்தோம் என்பதெல்லாம் எழுத்தில் எங்கே இருக்கிறது? தோட்டக் கமிட்டித் தலைவரில் தொடங்கி, மாவட்டத் தலைவராகி, மாகாண சபை வரை போய், கடைசியில் பேச்சுவார்த்தை மேசையில் முதல் நாற்காலிக்கு வந்த ஒருவரைக் காட்டச் சொன்னால் எத்தனை பேரைக் காட்ட முடியும்? வாக்கு பரம்பரையாக வரும். நாற்பது வருடப் பேரம் பேசிய அனுபவம் பரம்பரையாக வராது.

உள்ளே வளர்ந்த திறமைசாலிகள் இல்லாமல் இல்லை. ஆனால் மேலே போக வழியில்லாதபோது அவர்கள் வெளியே போனார்கள். ஐம்பதுகளில் அப்துல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் அமைத்தார். 1965இல் வி.கே. வெள்ளையன் பிரிந்து தொழிலாளர் தேசிய சங்கம் அமைத்தார். ஒவ்வொரு பிரிவின் காரணமும் வேறு, ஆளாளுக்கு ஒரு நியாயம் சொல்வார்கள். ஆனால் தலைமையில் இருப்பவரை உள்ளுக்குள்ளேயே வாக்கெடுப்பில் மாற்றலாம் என்ற வழி உயிரோடு இருந்திருந்தால் இத்தனை சங்கம் தேவைப்பட்டிருக்காது என்பது என் கணிப்பு. பிறகு வந்த சங்கங்களும் அதே பழக்கத்துக்குப் போனதுதான் எனக்கு ஆகப் பெரிய கவலை.

1989இல் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கிய பெ. சந்திரசேகரனை நான் மதிக்கிறேன். 1994இல் சுயேச்சைக் குழுவில் வென்ற அவருடைய ஒற்றை ஆசனம்தான் சந்திரிகா குமாரதுங்கவின் அணிக்குப் பெரும்பான்மையைத் தந்தது. அப்போது அவருக்கு 37 வயது. 'இளைஞனால் என்ன முடியும்' என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில். ஆனால் 2010 ஜனவரி 1ஆம் திகதி, 52 வயதில் அவர் இறந்தபோது அந்த முன்னணியும் தடுமாறியது. வயதான தலைவர் போனாலும் நடுவயதுத் தலைவர் போனாலும் ஒரே தடுமாற்றம் என்றால், குறை வயதில் இல்லை, எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் விட்டதில் இருக்கிறது.

ஏன் நம்மிடம் இது இவ்வளவு ஆழமாக இருக்கிறது? கட்சியும் சங்கமும் ஒன்றாக இருப்பதால். வேறு இடத்து எம்.பி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்களிடம் வந்தாக வேண்டும். நம் எம்.பி.க்கு அதோடு சங்கத் தலைமையும் இருக்கிறது. சங்கச் சந்தா தோட்ட நிர்வாகத்தின் மூலம் மாதச் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டுச் சங்கத்துக்குப் போவதுதான் பல காலம் நடந்த முறை. தலைவர் சரியாக வேலை செய்தாரா என்று யாரும் கேட்காமலே பணம் வரும். தேர்தலில் தோற்றாலும் சங்கத் தலைமை போகாது. சங்கத் தலைமை இருக்கும்வரை அடுத்த தேர்தலில் வேட்பாளர் பட்டியலும் அவர் கையில். சோதிக்கப்படாத அனுபவம் நாளடைவில் வெறும் பதவிக்காலமாக மாறிவிடுகிறது.

தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைத் தீர்மானித்து வந்த கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று தொழிற்சங்கத் தரப்பும் கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும் கையெழுத்திட்டு வந்தன. 2016இல் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா, 2019இல் 700 ரூபா. 1,000 ரூபா வேண்டும் என்ற குரல் 2015இலேயே எழுந்துவிட்டது. கைக்கு வந்தது 2021இல், அதுவும் கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபையின் மூலம். அதற்குள் அந்த ஆயிரத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்திருந்தது என்று கடைக்குப் போய் வரும் எல்லோருக்கும் தெரியும். மேசையின் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் பதவிக்காலத்தில் குறைவே இருக்கவில்லை. கணக்கைப் படித்து, தேயிலை ஏல விலையையும் உற்பத்திச் செலவையும் வைத்து வாதிடக்கூடிய அடுத்த வரிசைதான் போதுமான அளவு தயாராக இருக்கவில்லை. எதிர்ப்பக்கம் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் வருடக்கணக்காக அதே கோப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. தமிழரசுக் கட்சியின் மூத்த தலைவர் இரா. சம்பந்தன் 1977இல் முதலில் தெரிவானவர், 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானவர். சிறுபான்மைக் கட்சியின் தலைவர் ஒருவர் அந்த ஆசனத்தில் உட்கார்ந்து எல்லாத் தரப்பும் மதிக்கும்படி பேச அவருடைய வயதும் நிதானமும் உதவின. 2024 ஜூனில் 91 வயதில், எம்.பி.யாகவே இறந்தார். கடைசிக் காலத்தில் உடல்நிலை காரணமாகச் சபைக்குப் போக முடியவில்லை. திருகோணமலைத் தமிழ் மக்களின் குரல் அந்த அளவுக்குக் குறைந்தது. சொந்தக் கட்சிக்குள்ளேயே அவர் விலக வேண்டும் என்ற பேச்சு வெளிப்படையாக எழுந்தது. 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சியின் தலைவரைத் தெரிவு செய்ய வாக்கெடுப்பு நடந்து, அந்த விவகாரம் நீதிமன்றப் படியேறியது. மூத்தவர் இருக்கும்போதே ஒழுங்காகக் கைமாற்றாவிட்டால் இப்படித்தான்.

மலேசியாவின் மகாதீர் முகமது 2018இல் 92 வயதில் மறுபடியும் பிரதமரானார். 2022இல் 97 வயதில் லங்காவியில் கட்டுப்பணத்தையே இழந்தார். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி 1957 முதல் போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் தோற்கவில்லை, கடைசி வெற்றி 2016இல், அந்தத் தேர்தலுக்குப் பின் சில மாதங்களிலேயே உடல்நலம் குன்றியது. வயதானவர்களை மக்கள் வெறுப்பதில்லை. ஒரு கட்டம்வரை நம்புகிறார்கள், பிறகு சட்டென்று விடுகிறார்கள். ரணில் விக்கிரமசிங்கவுக்கும் அதுதான் நடந்தது. 1977 முதல் தொடர்ந்து பாராளுமன்றத்தில் இருந்தவர் 2020இல் ஆசனத்தை இழந்தார். 2022 நெருக்கடியில் சர்வதேச நாணய நிதியத்தோடு பேசத் தெரிந்தவர் என்பதாலேயே பாராளுமன்றம் அவரை ஜனாதிபதியாக்கியது. 2024இல் மக்கள் அவரை மூன்றாம் இடத்தில் வைத்தார்கள்.

உடலைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். வயது ஏற ஏற மூளையின் வேகமும் புதிதாக ஒன்றைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் திறனும் குறைகின்றன. சொல்வளம், சேர்த்து வைத்த அறிவு போன்றவை அறுபது எழுபது வரைகூட நன்றாகவே நிற்கும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம். 80 வயதில் தெளிவாக இருப்பவரும் உண்டு, 60இல் தளர்ந்தவரும் உண்டு. அதனால் ஒரு எண்ணைக் கோடாகப் போட்டு அதற்கு மேல் கூடாது என்பது நியாயமாகப் படவில்லை.

அனுபவமே இல்லாதவர்களை மட்டும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உலகத்தில் பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1990இல் வாக்கெடுப்பு மூலம் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கால எல்லை வைத்தது: கீழ்ச்சபையில் 6 வருடம், மேல்சபையில் 8 வருடம். பழையவர்கள் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். இப்படிக் கால எல்லை வைத்த மாநிலங்களை ஆராய்ந்தவர்கள் பொதுவாகக் கண்டது, அதிகாரம் சட்டமன்றத்திலிருந்து நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்தது என்பதுதான். உறுப்பினர் வேலையைப் படித்து முடிக்கும்போது அவர் காலம் முடிந்துவிடும். ஆளுநரும் அதிகாரிகளும் இருக்கிறார்கள், கம்பனிகளுக்காகப் பேச வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கால எல்லை இல்லை. கலிபோர்னியாவே 2012இல் அதைத் திருத்தி, எந்தச் சபையிலானாலும் மொத்தம் 12 வருடம் இருக்கலாம் என்று மாற்றிக்கொண்டது.

நம் நிலத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்ட 7 பேர்ச் காணி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தோட்டக் காணிகள் பெரும்பாலும் அரசின் உடைமை, 1990களில் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டவை. 53 வருடக் குத்தகை, முடிவது 2045இல். கம்பனி அந்தத் துண்டை விடுவிக்க வேண்டும். அமைச்சு ஒப்ப வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு லயத் தொகுதியையே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளையே) மண் மூடிய பிறகு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 'இந்த இடம் ஆபத்தில்லை' என்று சொல்லாமல் யாரும் அத்திவாரம் வெட்ட முடியாது. அப்புறம் நில அளவை, அப்புறம் உறுதி, அப்புறம் தண்ணீர், பாதை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோப்பு எங்கேயாவது படுத்துவிடும். எந்த மேசையில் படுத்திருக்கிறது என்று தெரிந்த எம்.பி. ஒரு தொலைபேசி அழைப்பில் எழுப்புவார். தெரியாதவர் கூட்டம் கூட்டி, படம் எடுத்து, அடுத்த மாதம் அதே இடத்தில் நிற்பார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை மண்சரிவுகளால் கலைத்துப்போட்ட பிறகு, இந்த அறிவு முன்பைவிடப் பல மடங்கு தேவைப்படுகிறது. வீட்டை இழந்தவர்களுக்கு எம்.பி. பாடம் படித்து முடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை.

அனுபவம் தந்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, நம் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே தோட்டத்துக்குள் பாதை போடப் பணம் செலவழிக்க முடியாமல் இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் அப்படி வந்தவைதான். மலையகக் கட்சிகளும் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி 2015இல் ஆறு ஆசனங்களோடு அரசாங்கத்தில் இருந்தபோது தள்ளிக் கொண்டுபோன வேலைகள் இவை. வெளியில் கைதட்டல் வாங்காத வேலை. சட்டத்தில் ஒரு பிரிவு நம் கழுத்தைப் பிடிப்பதைக் கண்டுபிடிக்கவே பல வருடம் அந்தச் சபைகளோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் இளைஞர்களுக்கு அனுபவம் எங்கே கிடைக்கும்? இதைத்தான் நாம் கோபத்தோடு கேட்க வேண்டும். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். 2018இல் அதன் காலம் முடிந்தது, அதன்பின் தேர்தலே இல்லை. பிரதேச சபைத் தேர்தல் 2018 பெப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2025 மே மாதம்தான். பாராளுமன்றத்துக்குக் கீழே இருந்த இரண்டு படிகளையும் இத்தனை வருடம் பூட்டி வைத்துவிட்டு, இளைஞர்களைப் பார்த்து 'உனக்கு அனுபவம் இல்லை' என்று சொல்வது அநியாயம். நடுப்படி இல்லாதபோது மேலே போக இரண்டு வழிதான்: அலையில் போவது, அல்லது அப்பா பெயரில் போவது. விருப்பு வாக்கு முறையும் அதையே செய்கிறது. நுவரெலியா மாவட்டம் முழுக்கப் பெயர் தெரிய வேண்டும் என்றால், பழைய பெயரோ பெரும் பணமோ வேண்டும்.

பெண்களின் நிலை இதைவிட மோசம். கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பான்மை பெண்களுடையது, சந்தாவும் அவர்கள் சம்பளத்திலிருந்து போனது. ஆனால் மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று பாராளுமன்றத்துக்குள் போக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதுளையில் அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி. 'அனுபவம் உள்ளவர்தான் வர வேண்டும்' என்று எந்த விலக்கும் இல்லாமல் வாதிட்டால், அனுபவம் பெறவே விடாமல் வைத்திருந்தவர்களை நிரந்தரமாக வெளியே நிறுத்துகிறோம். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. அப்படி வந்த பெண் உறுப்பினர்களை அடுத்த பத்து வருடத்தில் யார் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுவருகிறார்கள் என்று நான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, உங்கள் வாக்கு பிழை என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் அனுப்பிய புதியவர் முதல் இரண்டு வருடத்தில் என்ன கற்றுக்கொண்டார் என்று பாருங்கள். சபையில் அவர் பெயரில் வந்த கேள்விகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஹன்சாட் (பாராளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவு) எல்லோருக்கும் திறந்தது. சம்பளம், காணி, சுகாதாரம், பாடசாலை என்று குறிப்பாகக் கேட்கிறாரா, எழுதிக் கொடுத்த வாழ்த்துரையை வாசிக்கிறாரா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பழையவரிடம் வேறு கேள்வி கேளுங்கள்: "உங்களோடு பேச்சுவார்த்தைக்கு வருகிற நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட மூன்று பேர் யார்?" உங்கள் குடும்பத்தைச் சேராத மூன்று பேர் என்றும் சேர்த்துக் கேளுங்கள். உடனே பெயர் சொன்னால் அவருக்கு வயது 75 ஆனாலும் எனக்குக் கவலையில்லை. யோசித்தால், அவருக்கு 45 வயதானாலும் எனக்குக் கவலை.

சட்டம் பற்றிய கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எம்.பி. பதவிக்கு வயது உச்சவரம்பு வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. 63 வயதில் வரம்பு இருந்திருந்தால் 1986 நமக்கு வந்திருக்காது. ஜனாதிபதிக்கு இரண்டு பதவிக்காலம் என்ற எல்லை சரி. அதை 2010இல் எடுத்துவிட்டுப் பட்டோம், 2015இல் திரும்பக் கொண்டுவந்தோம். ஏனென்றால் அது ஒரு ஆள் கையில் குவியும் அதிகாரம். சங்கத் தலைமையும் நம்மிடம் அப்படித்தான் ஆகிவிட்டது. எல்லை வைக்க வேண்டிய இடம் அதுதான். தலைவர், பொதுச் செயலாளர் பதவிகளில் ஒருவர் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இருக்கக் கூடாது, தோட்டக் கமிட்டியிலிருந்து மேல்வரை இரகசிய வாக்கெடுப்பு நடக்க வேண்டும், விலகியவர் ஆலோசகராக மேசையில் உட்காரலாம் ஆனால் கையெழுத்து அவருடையது அல்ல. இப்படி விதி வந்தால் மூத்தவரின் அனுபவமும் வீணாகாது, அடுத்தவரும் அவர் கண்முன்னே பழகுவார்.

இதற்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவான ஒவ்வொரு சங்கத்துக்கும் எழுத்தில் யாப்பு (சங்க விதிகளின் தொகுப்பு) இருக்க வேண்டும். நிர்வாகிகளை எப்படி நியமிப்பது, எப்படி நீக்குவது, விதிகளை எப்படித் திருத்துவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் அம்மா எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறாரோ, அந்தச் சங்கத்தின் யாப்பை ஒரு பிரதி வாங்கி வாருங்கள். அங்கத்தவர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கையில் வந்ததும் எழுதுங்கள். திருத்தப் பிரேரணையை எப்படி எழுதுவது, தோட்டக் கமிட்டியில் எப்படி நிறைவேற்றி மேலே அனுப்புவது என்று அடுத்த பதிலில் பிரிவு பிரிவாகச் சொல்கிறேன்.